ஒற்றை எழுத்தும் ஒரு பாடமும்

வரிச்சிக்குடி என்னும் ஊர்ப்பெயரில் இரண்டு ஒற்றுகள் உள்ளன. அதே பெயரை ஆங்கில எழுத்தில் பெயர்க்குங்கால் அவை இரண்டும் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. காரைக்கால் என்பதும் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் 'காரிகால்' என்று படிக்கத்தக்க வகையில் எழுதப்பட்டது. நம் இல்லங்களில் முஹம்மது என்னும் ஒரே திருப்பெயர் குடும்ப அட்டையில் ஒருவகையாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறொரு வகையாகவும், கடவுச்சீட்டில் மூன்றாம் வகையாகவும் அமைந்திருத்தலைக் காண்கிறோம். வளைகுடா நாட்டிற்குப் புறப்படும் இளைஞர் ஓர் எழுத்தின் பொருட்டு அலுவலகந்தோறும் அலைவதும் நாம் அறியாததன்று. எழுத்துப்பிழை என்பது தேர்வுத்தாளில் அரை மதிப்பெண் குறைப்பதோடு நின்றுவிடும் செய்தியன்று என்பதற்கு இவை சான்றாம்.

கணினி உலகில் இச்செய்தி மேலும் கூர்மை பெறுகின்றது. வலைப்பின்னல் மென்பொருள்களுக்குரிய விளக்க ஏடுகளில் எழுத்துப்பிழை திருத்தும் பணி இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அப்பணி தமிழ் மாணாக்கர்க்கு உணர்த்தும் பாடம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விளக்க ஏட்டின் இன்றியமையாமை

'கர்ல்' என்பது ஒரு கட்டற்ற மென்பொருள். சுவீடன் நாட்டைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் என்பார் 1998ஆம் ஆண்டில் இப்பெயரில் இதனை வெளியிட்டார். ஓர் இணைய முகவரியைக் கட்டளையாகத் தந்தால், அங்குள்ள செய்தியை வலைப்பின்னல் வழியே கொணர்ந்து தருவதும், நம்மிடமுள்ளதை அங்குக் கொண்டு சேர்ப்பதும் இதன் தொழில். கட்டற்ற மென்பொருளாதலின் இதன் மூலநிரலையும் விளக்க ஏட்டையும் எவரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் ஆராய்ந்து ஏற்பர் அல்லது மறுப்பர்.

இவ்வேட்டில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் என்னாகும்? ஆங்கிலத்தின் சிறிய 'ஓ' எழுத்தை இட்டால், கொணரும் கோப்பினை நாம் சொல்லும் பெயரில் கர்ல் சேமிக்கும். பெரிய 'ஓ' எழுத்தை இட்டால், தொலைக்கணினியில் உள்ள பெயரிலேயே சேமிக்கும். ஒலி ஒன்றே, வடிவமும் ஏறத்தாழ ஒன்றே, பயனோ வேறு. ஏட்டைப் பார்த்து அவ்வாறே எழுதும் புதியவர், பிழை ஏட்டில் உள்ளதை அறியாது, தம் அறிவிலேயே குறை என்று மயங்குவர். மனிதர் பிழையைப் பொறுத்துப் பொருள் கொள்வர். பொறி அவ்வாறு கொள்ளாது.

நிலைத்துவிட்ட ஒரு பிழை

பிழையை உரிய காலத்தில் களையாவிடின் அதுவே மரபாகிவிடும் என்பதற்கு இத்துறையிலேயே புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. ஒரு வலைப்பக்கத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும்போது, எங்கிருந்து வந்தோம் என்பதைத் தெரிவிக்கும் தலைப்புப் புலம் ஒன்று ஹெச்.டி.டி.பி. நெறிமுறையில் உள்ளது. இதனை முன்மொழிந்தவர் பிலிப் ஹாலம்-பேக்கர். இதன் பெயர் 'ரெஃபரர்' என்பது. ஆங்கில மரபுப்படி இச்சொல்லின் நடுவே 'ஆர்' எழுத்து இரட்டிக்க வேண்டும். ஆனால் ஒற்றை எழுத்தோடு எழுதப்பட்ட வடிவமே 1996 மே திங்களில் வெளியான ஆர்.எஃப்.சி. 1945 என்னும் ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டது. அக்கால யூனிக்ஸ் பிழைதிருத்தி இச்சொல்லின் இரு வடிவங்களையுமே அறிந்திருக்கவில்லை என்று, நெறிமுறையை வகுத்தோருள் ஒருவரான ராய் ஃபீல்டிங் குறித்துள்ளார்.

'கல்' என்பதன்முன் 'எறிந்தான்' வந்தால் லகரம் இரட்டித்துக் 'கல்லெறிந்தான்' என்றாகும் என்பதை நன்னூல் பயின்ற நம் மாணாக்கர் அறிவர். ஆங்கிலத்தில் இரட்டித்தலுக்குரிய காரணம் வேறு. ஆயினும் எழுத்து இரட்டிக்கும் இடத்தை நோக்கும் கண் நமக்குப் பழக்கத்தால் வாய்த்ததே.

பின்னர்ப் பிழை புலனாயிற்று. எனினும் அதற்குள் உலகிலுள்ள கணினிகள் பலவும் ஒற்றை எழுத்து வடிவையே பேசத் தொடங்கிவிட்டன. ஒருவர் மட்டும் திருத்தி எழுதினால் மற்றவர் கணினிக்கு அது தெரியாத பெயராகிவிடும். ஆதலின் 2022இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 ஆவணமும் பிழையான பெயரையே போற்றி வருகின்றது. கர்லின் கட்டளையும் அவ்வடிவினதே. பின்னாளில் தோன்றிய 'ரெஃபரர் பாலிசி' என்னும் மற்றொரு புலமோ சரியான எழுத்தோடு அமைந்தது. இரண்டும் இன்று அருகருகே வழங்குகின்றன.

எனவே கர்ல் விளக்க ஏட்டைத் திருத்தப் புகுவோர், அச்சொல் உரைநடையில் பொதுச்சொல்லாக வருமிடத்தில் திருத்தலாம்; கட்டளையின் பெயராக வருமிடத்தில் தொடலாகாது. சொல் வேறு, பெயர் வேறு. இவ்வேறுபாட்டை அறியாத திருத்தம் பிழையினும் பெரும்பிழை.

2020 ஜூன் திங்களில் தமிழ்நாட்டின் 1018 ஊர்ப்பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றும் ஆணை வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நோக்கம் நன்றே எனினும், வழங்கிவரும் பெயரை மாற்றுதல் எளிதன்று.

நம் முன்னோர் நெறி

இவ்வெச்சரிக்கை தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. ஓலையில் புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்றஞ்சிப் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். ஆகவே 'கொல்' என்பதும் 'கோல்' என்பதும் ஏட்டில் ஒன்றுபோல் தோன்றின. வீரமாமுனிவர் கொம்பின் வடிவைச் சுழித்து நெடிலை வேறுபடுத்தியமை இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றிய செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் முதலாக, ஏட்டுச்சுவடிகளை நூலாக்கிய பெருமக்கள் அனைவரும் இவ்விடர்களுக்கிடையே உழைத்தவர்களே. நல்ல பதிப்பாசிரியர் தமக்குப் புரியாத பாடத்தைத் தம் மனம்போல் மாற்றார். மூலத்தை அவ்வாறே தந்து, பாடவேறுபாட்டை அடியிற் குறிப்பார்.

அரபு மொழியில் பா, தா, ஸா ஆகிய மூன்றும் புள்ளிகளாலேயே வேறுபடுவதை மத்ரஸாவில் ஓதும் சிறுவரும் அறிவர். புள்ளி பிறழ்ந்து சொல் மாறும் பிழைக்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயரிட்டு, ஹதீஸ் கலை அறிஞர்கள் அதனைத் தனியே ஆராய்ந்தனர். ஆர்.எஃப்.சி. ஆவணங்களும் வெளியான பின் மாற்றப்படுவதில்லை. கண்டறிந்த பிழைகள் தனிப்பட்டியலில் பதிவாகின்றன. நம் பழைய நூல்களின் இறுதியில் காணும் பிழைதிருத்தப் பக்கமும் இதுவும் ஒரே நெறியினவே.

எண்ணத்தின் தூய்மை

திருத்தம் எளிது என்பதால் அதனைப் புகழுக்கும் பரிசுக்கும் வழியாக்கிக் கொள்வாரும் உளர். 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்னும் நிகழ்ச்சியில், கட்டற்ற மென்பொருள்களுக்கு அக்டோபர் மாதத்தில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் பனியன் சட்டை ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. 2020இல் இதன் பொருட்டுத் தேவையற்ற சொற்களைச் சேர்த்தும், நன்றாயிருந்த வரியைச் சிதைத்தும் எண்ணற்ற திருத்தங்கள் குவிந்தன. ஊதியமின்றி உழைத்த பொறுப்பாளர்கள் அவற்றைத் தள்ளுவதிலேயே காலம் கழித்தனர். அம்மாதத் தொடக்கத்திலேயே, விருப்பம் தெரிவித்த மென்பொருள்களுக்கு மட்டுமே நிகழ்ச்சி பொருந்தும் என விதியை மாற்ற நேர்ந்தது. செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தனவே என்னும் நபிமொழியின் உண்மை இங்கும் விளங்குகின்றது.

மாணாக்கர்க்கு

ஆதலின் திருத்த முனையும் மாணாக்கர் நான்கு நெறிகளைக் கைக்கொள்க. முதலாவது, ஏட்டை முழுமையாகப் படித்துப் பொருளுணர்தல். இரண்டாவது, அது சொல்லா, பெயரா எனத் தெளிதல். கட்டளையாயின் இயக்கிப் பார்த்தல். மூன்றாவது, ஒத்த பிழைகளை ஒன்றாகத் தொகுத்து, காரணத்தைச் சுருங்கக் கூறி அனுப்புதல். நான்காவது, பொறுப்பாளர் மறுப்பின் வருந்தாது காரணம் கேட்டறிதல். ஆங்கிலத்தில் தயக்கமுடையோர் தமிழாக்கங்களிலிருந்து தொடங்கலாம். அங்கு ஒற்றுப்பிழையும் லகர ளகர ழகர மயக்கமும் தமிழ் பயின்ற கண்ணையே வேண்டி நிற்கின்றன.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் தர்மமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். முன்பின் அறியாத ஒருவர் என்றோ நடக்கவிருக்கும் வழியில் கிடக்கும் முள்ளே ஏட்டிலுள்ள எழுத்துப்பிழை. அதை எடுத்தவர் பெயர் நடப்பவர்க்குத் தெரியவேண்டுவதில்லை; ஆனால் முள்ளென்று எண்ணி எல்லைக்கல்லைப் பிடுங்கிவிடலாகாது. இவ்விரண்டையும் அறிந்து தொண்டாற்றும் அறிவை வல்ல இறைவன் நம் மாணவச் செல்வங்களுக்கு அருள்வானாக.