விலையும் முன்பணமும்

நுழையும்முன்

அடிமை வணிகம் என்றதும் ஆப்பிரிக்காவும் அட்லாண்டிக் பெருங்கடலும் நினைவுக்கு வருகின்றன. தமிழகக் கடற்கரையிலும் அவ்வணிகம் நடந்தது. அது சட்டத்தால் ஒழிந்தபின் எழுந்த புதிய கட்டுமுறையின் சுவடுகள் போடிநாயக்கனூருக்கு மேலுள்ள மலைகளிலும் உள்ளன. உயர்கல்வி பயிலவிருக்கும் மாணவர் அறிய வேண்டிய வரலாறு இது.

விற்கப்பட்ட மனிதர்

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் சோழமண்டலக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கியது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியை வாட்டிய பஞ்சத்தில் விற்கப்பட்டோர் இலங்கைக்கும், இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். ஏலமலைகளை உள்ளடக்கிய திருவிதாங்கூரில் உழவடிமைகளை விற்கவும் அடகு வைக்கவும் வழக்கம் இடமளித்தது. பிரித்தானிய இந்தியாவில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு அளித்த ஏற்பை நீக்கியது. திருவிதாங்கூர் 1855இல் அதனை ஒழித்தது.

கடன் என்னும் கட்டு

அடிமைமுறை ஒழிந்தது, ஆள்தேவை ஒழியவில்லை. மலைத்தோட்டங்கள் பெருகியபோது கங்காணிகள் சமவெளி ஊர்களுக்கு வந்து, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். போடி வழியாகவும் குடும்பங்கள் மலையேறின. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கணக்கில் ஏறின. கூலி கடனில் கழிந்தது. முன்பணம் பெற்றபின் வேலையைக் கைவிடுவோரைச் சிறையிலடைக்க 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் வழிசெய்தது.

இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடன்தொகையை ஒரு சீட்டில் எழுதினர். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அத்தொகையைச் செலுத்திய தோட்டம் தொழிலாளியைப் பெற்றுக்கொண்டது. ஆளுக்கு விலையில்லை; கடனுக்கு விலையிருந்தது. 1921இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

வரலாறு தரும் அளவுகோல்

அடிமையும் கங்காணியிடம் முன்பணம் பெற்றவரும் ஒருவரல்லர். அடிமை பிறப்பாலோ விலையாலோ உடைமையானார். அவர் பிள்ளைகளும் உடைமையாயினர். தொழிலாளிக்குச் சட்டப்படி கூலி உண்டு. எனினும் இருவருக்கும் மறுக்கப்பட்டது ஒன்று: விட்டுச்செல்லும் உரிமை. இன்று விடியலில் போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளர், நாளை வேறு தோட்டத்தைத் தேர்ந்துகொள்ள முடிவதே அவ்வுரிமையின் பொருள். எந்த வேலையையும் அந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இவ்வரலாற்றைக் கற்பதன் பயன்.

தெரிந்து தெளிவோம்

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைகளை விடுவித்ததுடன், அவர்களைப் பிணைத்த கடன்களையும் இல்லாமலாக்கியது.

கற்பவை கற்றபின்

முன்பணம் எப்போது உதவியாகிறது, எப்போது தளையாகிறது? வகுப்பில் கலந்துரையாடுக.