செயின் டிராக்டரில் கிளட்ச் வழுக்கினால் என்ன செய்வது?

நவரை அறுவடை முடிந்து ஏரிகள் வற்றத் தொடங்கியதும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் மண் வேலை சூடு பிடிக்கும். ஏரி வாரியம் அமைத்து நிர்வாகம் நடத்திய விவரத்தை, முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2017 மார்ச்சில் குடிமராமத்துப் பணி தொடங்கி வைக்கப்பட்டதும் இங்குள்ள மணிமங்கலம் ஏரியில்தான். அனுமதி பெற்று வண்டல் எடுக்கவும், மேடு பள்ளமான நிலத்தைச் சமன் செய்யவும் செயின் டிராக்டர் மிகவும் ஏற்றது. சக்கர டிராக்டர் புதையும் ஈர மண்ணிலும் இது நடக்கும். வண்டியின் எடை முழுவதும் அகலமான செயின் மீது பரவி நிற்பதே காரணம்.

இவ்வகை வண்டிகள் நம் நாட்டு வேளாண்மைக்குப் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். அமெரிக்கப் படை விட்டுச் சென்ற வண்டிகளைக் கொண்டு மத்திய டிராக்டர் நிறுவனம், ஆழ வேரோடும் காஞ்ஸ் புல் மண்டிக் கிடந்த மத்திய இந்திய நிலங்களைத் திருத்தியது. புதிய வண்டிகள் வாங்க 1949-ல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. பழைய வண்டியை வாங்கித் தாமே ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வரும் பெரிய தலைவலி கிளட்ச். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் ஏரிக்குள் வண்டி இறங்காது. அதற்கு முன் பிளேட் மாற்றுவதற்காக வண்டியைப் பிரித்துப் போட்டால் அந்த ஆண்டு வேலை போயிற்று. கிளட்ச் வழுக்கியதும் ‘பிளேட் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவது பலருக்கும் வழக்கம். பல சமயம் கோளாறு பிளேட்டில் இருக்காது, முடுக்கத்தில் இருக்கும்.

செயின் டிராக்டரில் கிளட்ச் ஒன்றல்ல, மூன்று. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருப்பது மெயின் கிளட்ச். கியர் பெட்டிக்குப் பின்னால் இடது செயினுக்கு ஒன்றும் வலது செயினுக்கு ஒன்றுமாக இரண்டு ஸ்டீயரிங் கிளட்சுகள் உள்ளன. இடது கைப்பிடியை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் சக்தி நின்று, வண்டி இடப்பக்கம் திரும்பும். எந்த கிளட்ச் வழுக்குகிறது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

மண்ணைத் தள்ளும்போது இஞ்சின் முக்கி, கரும்புகை கக்கி, வேகம் குறைந்தால் அது இஞ்சின் கோளாறு அல்லது அதிகப் பாரம். செயின் சுற்றியும் வண்டி நகராவிட்டால் அது சேறு. இஞ்சின் வேகம் குறையாமலே செயின் தளர்ந்து நின்று, கருகல் வாடையும் வந்தால்தான் கிளட்ச் வழுக்கல். இரண்டு செயினும் ஒன்றாக நின்றால் மெயின் கிளட்ச் மீது சந்தேகப்பட வேண்டும். கைப்பிடியைத் தொடாத போதும் பாரத்தில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்து ஸ்டீயரிங் கிளட்ச் வழுக்குகிறது. அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்திருந்தாலும் இப்படித்தான் இழுக்கும். அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

முடுக்கும் முன் மண் தள்ளும் தகட்டைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது அவசியம்.

பழைய வண்டிகள் பலவற்றில் மெயின் கிளட்சைக் கைப்பிடியால் தள்ளிப் போட வேண்டும். நன்றாக முடுக்கிய கிளட்சில் கைப்பிடி கொஞ்சம் பலமாகத் தள்ளக் கேட்கும்; ‘டக்’ என்று விழுந்து தானே பூட்டிக்கொள்ளும். லைனிங் தேயத் தேய அந்த ‘டக்’ மறைந்து, கைப்பிடி வெண்ணெயில் போவதுபோல் போகும். இதுவே முதல் எச்சரிக்கை. கிளட்ச் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி, கிளட்சை விடுவித்து, பூட்டு ஊசி கண்ணுக்குத் தெரியும்வரை சுற்ற வேண்டும். ஊசியை இழுத்துப் பிடித்து, முடுக்கும் வளையத்தை இறுகும் பக்கமாக ஒரு துளை அளவு மட்டும் திருப்பி, கைப்பிடியைப் போட்டுப் பார்க்கலாம். போதாவிட்டால் இன்னொரு துளை. ஒரே மூச்சில் இறுக்கினால் கைப்பிடி விழாது. பலவந்தப்படுத்தினால் உள்ளே இருக்கும் இணைப்புகள் ஒடியும். சில நிமிட வேலைதான், ஆனால் நிதானம் வேண்டும்.

ஸ்டீயரிங் கிளட்சில் விஷயம் நேர்மாறானது. அது ஸ்பிரிங் அழுத்தத்தால் எப்போதும் பிடித்திருக்கும். கைப்பிடியை இழுத்தால்தான் விடும். ஆகவே கைப்பிடியின் நுனியில் சில அங்குலம் வெற்று அசைவு இருந்தாக வேண்டும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் காணலாம். லைனிங் தேயும்போது இந்த அசைவு குறையும். அசைவே இல்லையென்றால், யாரும் இழுக்காமலே கிளட்ச் பாதி விட்டு நிற்கிறது என்று பொருள். இணைப்புக் கம்பியின் திருகைத் தளர்த்தி அசைவை மீட்டாலே பல வண்டிகளில் வழுக்கல் நின்றுவிடும். சில ஓட்டுநர்கள் வேலை நேரம் முழுவதும் கையைக் கைப்பிடி மேலேயே போட்டு வைத்திருப்பார்கள். கையின் கனமே லைனிங்கைத் தின்னப் போதும்.

முடுக்கியும் வழுக்கினால் அடுத்தபடியாக எண்ணெயைத் தேட வேண்டும். கிளட்ச் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றினால் விடை கிடைக்கும். எண்ணெய் சொட்டினால் இஞ்சினின் பின் ஆயில் சீலோ கியர் பெட்டியின் முன் சீலோ கசிகிறது. ஸ்டீயரிங் கிளட்ச் பெட்டியில் சொட்டினால் நடுவிலுள்ள கியர் அறையின் சீலைப் பார்க்க வேண்டும். கிளட்ச் பேரிங்குக்கு அளவுக்கு மேல் கிரீஸ் அடிப்பதும் கெடுதல்; மிஞ்சிய கிரீஸ் சிதறிப் பிளேட்டில் ஒட்டும்.

எண்ணெய் பட்ட உலர் கிளட்சை, வண்டி நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாம். கியரை நடுநிலையில் வைத்து, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சைச் சில முறை போட்டு எடுத்து, முழுவதையும் வடித்து உலர விட வேண்டும். பெட்ரோலைக் கிட்டே கொண்டு வரக் கூடாது. அருகில் பீடியும் ஆகாது. மணல், சாம்பல் தூவும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். கசியும் சீலை மாற்றாமல் கழுவினால் சில நாளில் பழைய கதைதான். சில வண்டிகளில் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி ஓடும். அவற்றுக்கு இந்தக் கழுவல் பொருந்தாது. அங்கே எண்ணெயின் அளவும், கையேடு சொல்லும் ரகமும் சரியா என்று பார்த்தால் போதும்.

இதற்கும் மசியாத கிளட்சைத்தான் பிரிக்க வேண்டும். லைனிங் ரிவெட் தலை மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் புதிது போட வேண்டியதே. பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்த திட்டுகளும் வெடிப்பும் உண்டா என்று பார்த்து, ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி உயரம் ஒப்பிட வேண்டும். பழைய வண்டிக்குப் புதிய பாகம் கிடைப்பது அரிது. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்களைத் தேடுவோர், கழற்றிய பிளேட்டைக் கையோடு எடுத்துச் சென்று பல்லை எண்ணிப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கம்பிரசர் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

ஏரி வேலை முடிந்து மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது, மெயின் கிளட்சை விடுவித்து, உலர் ஸ்டீயரிங் கிளட்சுகளின் கைப்பிடிகளைப் பின்னுக்கு இழுத்துக் கயிற்றால் கட்டி வைக்கலாம். ஈரத்தில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று துருவேறி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். மேல்மூடியையும் மறக்காமல் மூடிவிட வேண்டும். கிளட்ச் பெட்டிக்குள் கூடு கட்ட எலிக்கு அதிக நாள் வேண்டாம்.