நகர இரைச்சலை அளத்தல்

புகை சுவரில் படிகிறது. கழிவுநீர் தேங்கி நிற்கிறது. இரைச்சலோ ஓய்ந்தவுடன் தடயமின்றி மறைந்துவிடுகிறது. உறக்கக் குறைவு, செவித்திறன் இழப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகிய அதன் விளைவுகளே எஞ்சுகின்றன. எனவே, நிகழும்போதே அதனை அளந்தாக வேண்டும்.

சட்டமும் சான்றும்

காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் இரைச்சலையும் மாசாக ஏற்றது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு விதித்தன. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலங்களுக்கு அவ்வரம்பு முறையே 50, 40 ஆகும். இரவுக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டால் முறையிட 2010-ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது. பகல் நேர இரைச்சலுக்கோ வரம்பை 10 டெசிபல் மிஞ்சியதே முறையீட்டுக்கு அடிப்படை. டெசிபல் மடக்கை அளவாதலின், 10 டெசிபல் உயர்வு என்பது ஒலியாற்றல் பத்து மடங்காவதைக் குறிக்கும். ஆனால், அளக்கும் கருவி குடிமகனிடம் இல்லை. இதுவே சிக்கலின் மையம்.

கருவிகளின் பங்கு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் தொடங்கிய தேசிய வலையமைப்பு, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், லக்னோ ஆகிய 7 நகரங்களில் 70 நிலையங்களாக விரிந்தது. நகருக்குப் பத்து நிலையங்கள் பொதுப்போக்கை உணர்த்தும். ஒரு தெருவின் அல்லலை உணர்த்தா.

இவ்விடைவெளியை இணைய இணைப்புடைய சிறு உணரிகள் நிரப்பக்கூடும். ஒலிவாங்கியும் கணிப்பானும் கொண்ட உணரி, சராசரி ஒலியளவைக் கணித்து அனுப்புகிறது. உரையாடலைப் பதியாமல் எண்ணை மட்டும் அனுப்புமாறு அமைத்தால் மக்களின் அந்தரங்கமும் காக்கப்படும்.

கைபேசிச் செயலி அதனினும் மலிவானது, எனினும் ஐயத்திற்குரியது. கைபேசியின் ஒலிவாங்கி பேச்சுக்கென அமைந்தது. மாதிரிக்கு மாதிரி அளவு வேறுபடும். காற்றும் உறையும் அதனைத் திரிக்கும். திட்ட ஒலிமூலத்துடன் ஒப்பிட்டுச் சரிசெய்யாத அளவீடு சான்றாகாது.

செய்ய வேண்டுவது

ஆகவே, பணிகளைப் பிரித்துக்கொள்வதே முறை. எங்கே நோக்க வேண்டும் என்பதைச் செயலிகளில் குவியும் அளவீடுகள் காட்டட்டும். எந்நேரத்தில் என்பதை உணரிகள் காட்டட்டும். அவ்விடத்திற்கு, அந்நேரத்தில், தரச்சான்று பெற்ற மானியுடன் அலுவலர் சென்று அளப்பதே சட்டத்தின்முன் நிற்கும். எச்சரிக்கை எவரிடம் சேர வேண்டும், எத்தனை நாளில் விடை தரப்பட வேண்டும் என்பவை முன்கூட்டியே வரையறுக்கப்படுதல் இன்றியமையாதது. அவ்வாறின்றேல் கருவிகள் பெருகும். நோயாளியின் உறக்கம் மட்டும் திரும்பாது.