பெருவிரல் புடைப்பும் அறுவை மருத்துவமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

'பனியன்' என்றதும் நமக்குத் திருப்பூர்தான் நினைவுக்கு வரும். ஏறக்குறைய அதே ஒலியுடைய ஒரு சொல்லை மருத்துவ நூல்கள், காலின் பெருவிரல் அடியில் புடைத்து நிற்கும் முடிச்சுக்கு வழங்குகின்றன. 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்பது அதன் நூற்பெயர். விலகிய பெருவிரல் என்று நாம் சொல்லலாம். நாள் முழுதும் நின்று உழைப்போர் பெருகிவிட்ட நம் போச்சம்பள்ளி வட்டாரத்தில் இதை அறிந்திருப்பது பயனுடையது என்பதால் இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

நோயின் தன்மை

இப்புடைப்பைப் புதிதாக வளர்ந்த எலும்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பெருவிரலைத் தாங்கும் முதல் பாத எலும்பு உட்புறமாக, அதாவது மற்றக் காலின் பக்கமாக விலகுகிறது. விரலோ எதிர்ப்புறம், இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இடையில் துருத்தி நிற்பது பெரும்பாலும் அவ்வெலும்பின் தலையே. விரலின் சாய்வு 15 பாகை வரை இயல்பு. 40 பாகையைத் தாண்டினால் கடுமை எனக் கொள்வர்.

காரணங்களுள் பரம்பரை ஒன்று. முனை குறுகிய காலணி மற்றொன்று. ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 1958-இல் வெளியான ஓர் ஆய்வில், காலணி அணிந்தோருள் 33 விழுக்காட்டினரிடம் இச்சாய்வு காணப்பட்டது. வெறுங்காலுடன் வாழ்ந்தோரிடம் 2 விழுக்காட்டுக்கும் குறைவே. ஆயினும் காலணி மட்டுமே குற்றவாளி அன்று. ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் அறியாத என் ஆயாவுக்கும் இது உண்டு. அவர் மகளான என் சித்திக்கும் உண்டு.

அறுவை முறைகள்

முதலில் செய்யத்தக்கது முன்பக்கம் அகன்ற, மெத்தென்ற செருப்புக்கு மாறுவதே. விரலிடையே வைக்கும் பஞ்சும் பட்டையும் வலியைத் தணிக்கலாம். வளர்ந்தோரின் எலும்பை அவை நேராக்கா. நடக்கவும் வேலை செய்யவும் இயலாதபடி வலி நீடித்தால் மட்டுமே அறுவை. அழகுக்காகச் செய்வது கூடாது என்பதே மருத்துவர் கருத்து.

முற்காலத்தில் புடைப்பை மட்டும் செதுக்கி எடுத்தனர். விலகிய எலும்பு விலகியபடியே இருந்ததால் நோய் திரும்பியது. இன்று எலும்பையே வெட்டி, நகர்த்தி, சிறு திருகாணியால் பொருத்துகின்றனர். சாய்வு குறைவாயின் எலும்பின் தலைப்பகுதியில் 'வி' எழுத்தின் வடிவில் வெட்டுவது 'செவ்ரான்' முறை. தண்டில் 'இசட்' வடிவில் நீளமாக வெட்டுவது 'ஸ்கார்ஃப்' முறை. சாய்வு மிகுந்து அடிமூட்டும் தளர்ந்திருந்தால் அம்மூட்டையே இணைத்துவிடுவது 'லாபிடஸ்' முறை. விரல்மூட்டு முற்றிலும் தேய்ந்தோருக்கு அம்மூட்டை அசையாதபடி இணைப்பதும் உண்டு. அண்மைக் காலத்தில் சில மில்லிமீட்டர் துளைகளின் வழியே, எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தவாறே வெட்டும் நுண்துளை முறையும் பரவி வருகிறது. பலருக்குக் கணுக்காலளவில் மரத்துப்போகச் செய்தே அறுவையை முடித்து, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர்.

குணமாகும் காலம்

"ஆப்ரேசன் எத்தன மணி நேரம்னு எல்லாரும் சொல்றாங்க, எத்தன நாளு வேலைக்குப் போவ முடியாதுன்னு சொல்லுப்பா" என்று சித்தி என்னிடம் கேட்டார். நின்றுகொண்டே வேலை பார்க்கும் அவருக்கு அதுதான் முதற்கேள்வி. விடை எலும்பின் இயல்பில் உள்ளது. வெட்டிய இடத்தில் முதலில் குருதி உறைகிறது. பின் மென்மையான இணைப்புத் திசு தோன்றுகிறது. அதன் பிறகே சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாகிறது. இதற்குச் சுமார் 6 வாரம் வேண்டும். நுண்துளையால் தோற்புண் சிறிதாகலாம். எலும்பு சேரும் காலம் பெரிதும் மாறாது.

முதல் 2 வாரம் காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்திருக்க வேண்டும். அதன் முடிவில் தையலை எடுப்பர். 6 வாரம் வரை கெட்டி அடிப்பாகமுள்ள தனிக்காலணியுடன், பெரும்பாலும் குதிகாலில் எடை தாங்கியே நடக்கலாம். லாபிடஸ் முறையில் சிலர் பல வாரம் காலை ஊன்றவே கூடாது. உட்கார்ந்து செய்யும் பணிக்குச் சில வாரங்களில் திரும்பலாம். நின்று செய்யும் பணிக்கு 8 முதல் 12 வாரம் ஆகும். வீக்கம் முற்றும் வடிய 6 மாதம், சிலருக்கு ஓராண்டு. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் குணமாவதைத் தாமதப்படுத்தும். விரல் விறைப்பு, மரப்பு, நோய் மீளுதல் ஆகியனவும் சிலருக்கு நேர்வதுண்டு.

ஊதியம் நின்றுவிடுமே என்று அஞ்சி மூன்றாம் வாரமே வேலைக்குச் சென்றால், சேராத எலும்பு நகர்ந்து அறுவையே வீணாகலாம். எனவே ஓய்வுக்கு வழிதேடுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு, குறித்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். 12 வாரம் என்பது 84 நாள்; அந்த 91-க்குள் அடங்கிவிடும். இக்கணக்கை அறியாமலே வலியைப் பொறுத்துக்கொண்டு நிற்போர் பலர் இருக்கக்கூடும். படிக்க வந்த நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில், நம் தெருவில் உள்ளோருக்கு இதை எடுத்துச் சொல்வோமாக.