முட்சிலந்தியை இனங்காணுதல்

தோட்டத்து வேலிகளிலும் செடிகளின் இடைவெளிகளிலும், வட்ட வலையின் நடுவே, நண்டின் ஓட்டை ஒத்த உடலும் ஓரங்களில் முட்களும் உடைய சிற்றுயிர் ஒன்று தொங்குவதைக் காணலாம். அதனை நச்சு வண்டெனக் கருதி நசுக்கிவிடுவோர் உளர். அது வண்டன்று, எட்டுக் கால்களையுடைய சிலந்தியே ஆகும். அதன் பேரினம் காஸ்டெரகாந்தா எனப்படும். வயிறு, முள் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் இணைந்து இப்பெயர் உண்டாயிற்று.

பெண் சிலந்தியின் பின்னுடல் கடினமானது, அகலத்தில் மிகுந்தது. பல இனங்களில் அதன் ஓரத்தில் மூன்று இணை முட்கள் அமைந்துள்ளன. இம்முட்களில் நஞ்சில்லை. சிலந்தியின் நஞ்சு அதன் கொடுக்குப் பற்களின் வழியே இரையின் உடலுட் செல்வது. இச்சிலந்தியால் மனிதருக்குத் தீங்கில்லை. ஈ, கொசு முதலிய சிறு பூச்சிகளே இதன் வலையில் பெரும்பாலும் அகப்படுகின்றன. ஆணோ சில மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் முட்களும் குறுகியவை. இரண்டும் ஓரினமென முதற்பார்வையில் தோன்றாது.

நிறமும் கண்ணை மயக்குவதே. ஓரினத்துக்குள்ளேயே மஞ்சள், வெண்மை, கருமை ஆகியவற்றின் பரப்பு வேறுபடக்கூடும். ஆஸ்திரேலிய இனமொன்றின் மஞ்சட் பட்டைகளைக் கருமையிட்டு மறைத்தபோது, வலையில் அகப்பட்ட இரை குறைந்ததென 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. நிறம் இரையை ஈர்க்க உதவுகின்றது எனினும், இனத்தைத் துணிவதற்கு அதுவொன்றே போதாது. முட்களின் எண்ணிக்கை, நீளம், வளைவு, இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு ஆகியவற்றையும் நோக்குதல் வேண்டும்.

இத்தகைய ஆய்வில் கல்கத்தாவுக்கு நெடிய தொடர்புண்டு. இந்தியச் சிலந்தியினம் பற்றிய ஸ்டோலிஸ்காவின் கட்டுரை, அந்நகரத்து ஆசியக் கழகத்தின் ஏட்டில் 1869-இல் வெளிவந்தது. 1916-இல் அங்கு இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை நிறுவப்பட்டது. அத்துறையைச் சேர்ந்த பி. கே. திக்காதர், வட்ட வலைச் சிலந்திக் குடும்பத்தை விரித்துரைத்த நூலை 1982-இல் வெளியிட்டார். அறிவு பெருகப் பெருகப் பெயர்களும் மாறுகின்றன. நெடுங்காலம் காஸ்டெரகாந்தா ஹாசெல்டி என வழங்கிய இனம், இப்பொழுது மாக்ரகாந்தா என்னும் பேரினத்துள் வைக்கப்படுகின்றது. பெயர் மாறினும் திருத்தத்திற்குச் சான்றாக எஞ்சுவன, சேகரித்த மாதிரியும் அதனோடு இணைந்த குறிப்புமே.

ஆதலின் களப்பணியாளர் தேவைக்கு மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்தல் கூடாது. பிடித்தவற்றை 70 விழுக்காடு ஆல்கஹாலில் இடுக. இடம், நாள், செடி, தரையிலிருந்து வலையின் உயரம் ஆகியவற்றைக் கரிக்கோலால் எழுதிய தாளைப் புட்டியினுள்ளேயே வைத்திடுக. ஆல்கஹாலில் நிறம் நாளடைவில் மங்கிவிடுமாதலின், உயிருள்ளபோது கண்ட நிறத்தை உடனே குறித்தல் இன்றியமையாதது. ஆசிரியர்களுக்குப் புட்டியும் தேவையில்லை. பள்ளித் தோட்டத்து வலையொன்றை மாணவர் நாள்தோறும் நோக்கி, வலை கட்டப்படும் முறையையும் அகப்படும் இரையையும் எழுதி வருவாராயின், அதுவே நல்லதொரு பாடமாகும். சிலந்தியை நசுக்கும் வழக்கமும் அவர்களிடத்தினின்று நீங்கும்.