பாடசாலைச் சீருடை: செலவைத் தீர்மானிப்பவர் யார்?

ஓகஸ்ட் நடுப்பகுதியில் நகரசபைச் சேவை முகப்புகளில் தமிழ்ப் பெற்றோர் தவறாமல் எழுப்பும் வினா ஒன்று உண்டு: “கியூபெக்கில் கல்வி இலவசம் என்கிறார்கள். அப்படியானால் சீருடைக்கு நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?” பாடசாலைகள் நகரசபையின் பொறுப்பில் இல்லை, அவை மாகாணச் சட்டத்தின்கீழ் இயங்குபவை. எனவே 311 ஐ அழைப்பதால் இதற்குத் தீர்வு கிடைக்காது. எனினும் வினா நியாயமானது. விடையை அறிந்துகொண்டால் செலவைக் குறைக்கவும் வழி தெரியும்.

இலங்கையில் 1993 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசே மாணவர்க்குச் சீருடைத் துணி வழங்கியது. நம்மில் பலருடைய நினைவில் இருப்பது அந்த வெள்ளைத் துணிதான். கியூபெக்கில் நிலைமை வேறு. பொதுக் கல்வியை இலவசமாகப் பெறும் உரிமையை மனித உரிமைகள் சாசனத்தின் 40 ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. ஆனால் “சட்டம் வகுக்கும் அளவிலும் முறையிலும்” என்னும் வரம்போடுதான். கல்விச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு பாடநூல்களையும் கற்பித்தற் சாதனங்களையும் இலவசமாக்குகிறது. மாணவர் சொந்தமாகப் பயன்படுத்தும் பொருட்கள் அதில் அடங்கா. ஆகவே சீருடைச் செலவு பெற்றோரையே சேர்கிறது.

இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது குறித்து நீண்ட வழக்கொன்று நடந்தது. சாகெனே பகுதியைச் சேர்ந்த ஒரு தாய், இலவசமாகக் கிடைக்க வேண்டியவற்றுக்குக் கட்டணம் அறவிடப்பட்டதாகக் கூறித் தொடுத்த அந்தக் கூட்டு வழக்கில், 68 பள்ளிச் சபைகள் 15 கோடியே 35 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டன. 2018 இல் நீதிமன்றம் அந்த உடன்பாட்டை ஏற்றது. மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 24 டொலர்தான். ஆயினும் 2019 இல் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, எவற்றுக்குக் கட்டணம் கேட்கலாம் என்பது தெளிவாக்கப்பட்டதற்கு இவ்வழக்கே தூண்டுதல்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு 30 டொலர் வீதம் மூன்று மேற்சட்டை, 45 டொலர் வீதம் இரண்டு காற்சட்டை, 45 டொலருக்கு ஒரு கம்பளிச் சட்டை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 225 டொலர். இருவகை வரிகளும் (5 வீதமும் 9.975 வீதமும்) சேர்ந்தால் ஏறத்தாழ 259 டொலர். ஒன்ராரியோவில் பிள்ளைகளின் உடைக்கு மாகாண வரி இல்லை. ரொறன்ரோவிலுள்ள உறவினர் சொல்லும் விலையோடு நம் விலை ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். குடும்பக் கொடுப்பனவு பெறுவோரின், செப்டெம்பர் 30 அன்று 4 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, பாடசாலைப் பொருட்களுக்கான துணைத்தொகையை ‘ரெத்ரேத் கியூபெக்’ யூலையில் தானாகவே அனுப்புகிறது. 100 டொலராகத் தொடங்கிய அத்தொகை விலைவாசிக்கேற்ப உயர்ந்துள்ளது. ஆனாலும் மேற்சொன்ன கணக்கில் பாதியளவுக்கே அது போதும். கொப்பிக்கும் பென்சிலுக்கும் சப்பாத்துக்கும் செலவு வேறு.

சீருடை வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? அமைச்சர் அல்லர். அரச பாடசாலையொன்றில் அதிபர் முன்மொழியும் நடத்தை விதிகளுக்கு ஒப்புதல் அளிப்பது அப்பாடசாலையின் நிர்வாகக் குழு. பிரெஞ்சில் ‘கொன்செய் தெத்தாப்லீஸ்மான்’. பிரெஞ்சுப் பாடசாலையாயினும் ஆங்கிலப் பாடசாலையாயினும் இதுவே முறை. உடை பற்றிய விதியும் அவ்வழியே வருகிறது. பெற்றோர் சொந்தமாக வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலுக்கும் அக்குழுவே ஒப்புதல் தருகிறது. பெற்றோரிடம் கோரப்படும் மற்றக் கட்டணங்களையும் அது கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். குழுவில் பெற்றோர் பிரதிநிதிகள் உண்டு. தலைவரும் பெற்றோருள் ஒருவரே. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பாடசாலைகளிலும் அங்கே தமிழ்க் குரல் அரிதாகவே கேட்கிறது என்பது என் அவதானிப்பு. மொழித் தயக்கமும் மாலைநேர வேலையும் காரணங்களாக இருக்கலாம்.

அங்கே கேட்கத்தக்கவை எளியவை. காற்சட்டை எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய சாதாரணமானதாக இருக்கலாகாதா? சின்னம் பொறித்த சட்டைக்குப் பதிலாக, வீட்டில் தைத்துக்கொள்ளும் சின்னத்தைத் தனியாக விற்க இயலாதா? பழைய சீருடைகளைக் கைமாற்ற யூன் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்க முடியுமா? விற்பனையாளருடன் ஒப்பந்தம் இருப்பின், அது எப்போது முடிகிறது? கடைசி வினாவே முதன்மையானது: ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட பின் கேட்பதில் பயன் குறைவு.

உடனடியாகப் பணம் இல்லாதவர்கள் கூட்டத்துக்காகக் காத்திராமல் அதிபரைத் தனியே சந்தித்துத் தவணையாகவோ கைமாறிய சீருடையாகவோ உதவி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் நேரில் பேசுவது நன்று.

முறையற்ற கட்டணம் கேட்கப்படுவதாகக் கருதினால் முறைப்பாட்டு வழி மூன்று படிகளைக் கொண்டது. முதலில் சம்பந்தப்பட்டவரிடமோ அவருடைய மேலதிகாரியிடமோ சொல்லுங்கள். 10 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிடினும், வந்த பதில் போதாதெனினும், பள்ளிச் சபையின் அல்லது சேவை நிலையத்தின் முறைப்பாட்டு அலுவலரிடம் செல்லலாம். அவருக்கு 15 வேலை நாட்கள். மூன்றாம் படி, 2023 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த பிராந்திய மாணவர் குறைதீர்ப்பாளர். அவருக்கு 20 வேலை நாட்கள். பற்றுச்சீட்டுகளையும் பாடசாலைக் கடிதங்களையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோர் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும் பொதுக்கூட்டம் ஆண்டுதோறும் பாடசாலை தொடங்கும் நாளுக்கும் செப்டெம்பர் இறுதிக்கும் இடையில் கூட்டப்பட வேண்டும். அழைப்புக் கடிதம் பெரும்பாலும் பிள்ளையின் பையிலோ மின்னஞ்சலிலோ வரும்.