ஒரே ஸ்கீ இரண்டு பனிக்கும் ஆகுமா?

கேள்வி: இரண்டு குளிர்காலமாகக் குல்மார்க்கில் பனிச்சறுக்கு பழகுகிறேன். இயந்திரத்தால் சமப்படுத்திய சரிவில் ஓட்டும் ஸ்கீயையே அப்பர்வத் மலையின் பொலபொலவென்ற பனியிலும் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் படாதபாடு படுவீர்கள். முதலில் ஸ்கீயின் இடுப்பை, அதாவது காலணிக்குக் கீழுள்ள அகலத்தைப் பாருங்கள். சமப்படுத்திய சரிவுக்கான ஸ்கீயில் அது 65 முதல் 80 மில்லிமீட்டர். தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்போல மேலெழும்பி நிற்கும். ஏறி நின்றதும் அழுந்தி, இரும்பு விளிம்பு நெடுக இறுகிய பனியைக் கவ்வும். திரும்புவது அத்தனை சுகம்!

அதே ஸ்கீ புதுப்பனியில் மூக்குக் குத்திப் புதையும். அங்கே கவ்வுவதைவிட மிதப்பதுதான் முக்கியம். அதற்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமும், மேல்நோக்கி வளைந்த முனையும் வேண்டும். நீர்ச்சறுக்கு மட்டையைப் பார்த்து பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி உருவாக்கிய ‘ஸ்பேட்டுலா’ ஸ்கீ 2002இல் விற்பனைக்கு வந்த பிறகே இந்த வளைவு பரவியது. ஆனால் இறுகிய சரிவில் அகல ஸ்கீயை விளிம்புக்குச் சாய்க்க முழங்கால் கூடுதலாக உழைக்க வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 90 மில்லிமீட்டரை ஒட்டி வாங்குங்கள். என் யோசனை வேறு: பழகும் சரிவுக்கு ஒல்லியானதை வாங்கி, புதுப்பனி நாளுக்கு அகலமானதை வாடகைக்கு எடுங்கள்.

அப்பர்வத்தில் பனிச்சரிவு உயிரைக் குடிக்கும். சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவுகோல், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் தயவுசெய்து மேலே போகாதீர்கள்.